அழைப்பு இருவருக்குமா?



மதீனாவில் நபி (ஸல்) அவர்களுக்கு அண்டைவீட்டாராகப் பாரசீகர் ஒருவர் இருந்தார். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், ஆணம் காய்ச்சுவதில் கைதேர்ந்தவர். ஒருநாள் அவர் நபியவர்களுக்காகச் சமைத்துவிட்டு அழைக்க வந்தார். ஆயிஷா (ரலி) அவர்களைச் சுட்டி, இவருக்கும் அழைப்பு உண்டா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றார் அவர். அப்படியானால் தாமும் வரவில்லை என்றார்கள் நபியவர்கள். இரண்டாம் முறையும் அதே அழைப்பு, அதே கேள்வி, அதே மறுப்பு. மூன்றாம் முறை, இவருக்கும் உண்டு என்று அவர் சொன்னார். உடனே இருவரும் எழுந்து ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக்கு நடந்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

நபித்துவப் பொறுப்பைச் சுமந்தவர்கள், படைகளையும் உடன்படிக்கைகளையும் கவனித்தவர்கள், ஒரு வேளை விருந்துக்கு மனைவியின்றிச் செல்ல உடன்படவில்லை. எங்கள் வார இறுதிகளைப் பற்றி எழுத அமரும்போது முதலில் நினைவுக்கு வருவது இந்தச் செய்திதான். நாங்கள் செய்வது மிகச் சாதாரணமான காரியம். சனிக்கிழமைகளில் ஓர் உணவகத்துக்கோ விளையாட்டு அரங்கத்துக்கோ சேர்ந்து போய்வருகிறோம். அவ்வளவே. ஆயினும் அது எங்களுக்கு ஏன் இத்தனை முக்கியமாயிற்று என்பதைச் சொன்னால், எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று நம்புகிறோம்.

நாங்கள் கீழக்கரையைச் சேர்ந்தவர்கள். இப்போது சென்னை மண்ணடியில் வசிக்கிறோம். 1999-ஆம் ஆண்டின் நடுவில் எங்கள் நிக்காஹ் நடந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே எங்களில் ஒருவர் பிழைப்புக்காகச் சவூதிக்குப் பயணமானார். மற்றவர் ஊரில் இருந்து வீட்டைக் காத்தார். 2021-இல்தான் அந்தப் பிரிவு முடிந்தது. இடையில் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை 2 மாத விடுப்பு. கணக்கிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 22 ஆண்டுகளில் நாங்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தது 20 மாதங்கள். அந்த ஆண்டுகள் வீணாயின என்று சொல்ல மாட்டோம். வீடு கட்டினோம், மகளை மணமுடித்துக் கொடுத்தோம், மகன்கள் இருவரும் படித்து வேலையில் அமர்ந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எல்லாம் முடிந்து நிரந்தரமாக ஒன்றுசேர்ந்தபோது, நாங்கள் ஒருவருக்கொருவர் ஏறக்குறைய விருந்தாளிகளாக இருந்தோம்.

பிரிவுக் காலத்தில் நாங்கள் பேசாமல் இருக்கவில்லை. தொடக்கத்தில் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. பின்னாளில் வாட்ஸ்அப் வந்தபின் நாள்தோறும் பேச்சு. ஆனால் அப்பேச்சு முழுவதும் தேவைகளைப் பற்றியது. பள்ளிக் கட்டணம், கொத்தனாரின் பாக்கி, உம்மாவின் சர்க்கரை அளவு, வங்கியில் பணம் ஏறிவிட்டதா என்பன. தேவை எதுவும் இல்லாத நேரத்தில் கணவனும் மனைவியும் என்ன பேசுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பழகுவதற்கு வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை.

மூத்த மகன்தான் இதைக் கவனித்தான். ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பின், “வாப்பா, உம்மாவக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போய்ட்டு வாங்க. ராத்திரிச் சாப்பாட்ட வெளியவே முடிச்சிடுங்க” என்று சொல்லி, ஆட்டோவையும் அழைத்துவிட்டான். மஃக்ரிப் முடித்து அண்ணாசாலைக்குப் போனோம். 1951-இல் தொடங்கப்பட்ட புஹாரி உணவகம் அங்கேதான் இருக்கிறது. சிக்கன் 65 என்னும் வறுவல் 1965-இல் அங்கே பிறந்ததாகச் சொல்வார்கள். அதையும் ஒரு பிரியாணியையும் வரவழைத்தோம். கால் மணி நேரத்தில் உணவு முடிந்தது. பேச்சோ அதற்கு முன்பே முடிந்திருந்தது.

ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒன்று தெரியவந்தது. எங்களில் வீட்டைக் காத்தவர் சொன்னார்: “எத்தனையோ வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் சோத்தச் சூடாச் சாப்பிட்டேன்.” அடுப்படியில் நிற்பவர் கடைசியில்தான் உண்பார், அப்போது சோறு ஆறியிருக்கும். எல்லா வீடுகளிலும் நடப்பதுதான் இது. யாரும் யாரையும் கொடுமைப்படுத்தியதால் வந்ததன்று. பரிமாறுபவர் வேறொருவராக இருந்த அந்த ஒரு வேளையில்தான் அது எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரிந்தது.

எங்கள் ஊர் விருந்துகளை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். கல்யாணக் களறியில் பெரிய சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்து, பலர் கையிட்டு ஒரே தட்டில் உண்கிறோம். சகோதரத்துவத்தை வளர்க்கும் அழகிய வழக்கம் அது. ஆனால் ஆண்களின் சஹன் ஒரு பக்கம், பெண்களின் சஹன் மறுபக்கம். ஆகவே எத்தனை விருந்துக்குப் போனாலும் நாங்கள் இருவரும் சேர்ந்து உண்டதில்லை. ஒருவரின் உணவு இருவருக்குப் போதுமானது என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. அதை நாங்கள் நடைமுறையில் உணர்ந்தது உணவகத்தில்தான். இப்போதும் ஒரு பிரியாணி வாங்கி, இருவரும் ஒரே தட்டில் பகிர்ந்துகொள்கிறோம். செலவும் பாதியாகிறது, மீதியும் விழுவதில்லை.

அதன்பின் மெல்ல மெல்ல இடங்கள் கூடின. ஆம்பூர் முறையில் சீரகச் சம்பா அரிசியில் செய்யும் பிரியாணியும் அதற்குத் துணையாகக் கத்தரிக்காய்த் தொக்கும் ஒரு வாரம். திருவல்லிக்கேணியில் இட்லியும் சாம்பாரும் ஒரு வாரம். பாரிமுனைப் பக்கம் பர்மா உணவான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் இன்னொரு வாரம். பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி வந்தபின் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. பொருளீட்டக் கடல் கடந்து போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியபோதும், நாவில் ஒரு சுவையைக் கொண்டுவந்தார்கள். சவூதியிலிருந்து திரும்பியவருக்கு அந்தத் தள்ளுவண்டியின் முன் நிற்பது எப்போதும் ஏதோ உறவினர் வீட்டில் நிற்பதுபோல இருக்கும்.

உணவகத்தில் எதிரெதிரே அமர்கிறோம். பேச்சு வராதபோது அந்த எதிர்முகமே சற்றுச் சங்கடமாகிவிடும். விளையாட்டு அரங்கத்தில் அப்படியில்லை. அங்கே பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து இருவரும் ஒன்றையே பார்க்கிறோம். பேச்சு தானாக வருகிறது. வராவிட்டாலும் குறையில்லை. இதை நாங்கள் அறிந்தது 2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை இரவு, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில். ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கியின் இறுதிப் போட்டி அன்று நடந்தது. இஷாவை முடித்துவிட்டுச் சென்றோம். இடைவேளையின்போது மலேசியா 3-1 என முன்னிலையில் இருந்தது. மூன்றாம் பகுதி முடியும் தறுவாயில் இந்தியா அடுத்தடுத்து இரண்டு கோல்கள் போட்டுச் சமன்செய்தது. கடைசிப் பகுதியில் இன்னொன்று போட்டு 4-3 என வென்றது. ஹாக்கியின் விதிகள் எங்கள் இருவருக்குமே முழுமையாகத் தெரியாது. எது பெனால்ட்டி கார்னர், எது பெனால்ட்டி ஸ்ட்ரோக் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டும், தவறாக விளக்கிக்கொண்டும், பின்வரிசை இளைஞர்கள் திருத்தியபோது சிரித்துக்கொண்டும் இருந்தோம். தேவை எதுவும் இல்லாத பேச்சு அன்றுதான் எங்களுக்கு முதன்முதலில் வாய்த்தது.

சேப்பாக்கம் இன்னும் ஆழமான ஒன்றைத் தந்தது. 2024 ஜூன் 29, அதுவும் ஒரு சனிக்கிழமை. இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே பெண்களின் டெஸ்ட் போட்டி நடந்துகொண்டிருந்தது. திருவல்லிக்கேணியில் உறவினர் வீட்டில் லுஹரைத் தொழுதுவிட்டு உள்ளே போனோம். அதற்குள் இந்தியப் பெண்கள் 6 விக்கெட்டுக்கு 603 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே ஓர் அணி எடுத்த மிக உயர்ந்த எண்ணிக்கை அது. முதல்நாள் ஷஃபாலி வர்மா 205 ஓட்டங்கள் எடுத்திருந்தார். நாங்கள் பார்த்தது தென்னாப்பிரிக்கப் பெண்கள் நிதானமாக நின்று ஆடிய ஆட்டத்தை.

அந்த மந்தமான பிற்பகலில் எங்களில் வெளிநாட்டில் இருந்தவர் பழைய கதை ஒன்றைத் தொடங்கினார். 1999 ஜனவரி 31 அன்று இதே மைதானத்தில், மணமாகாத இளைஞராக, அவர் அமர்ந்திருந்தார். 12 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்த பாகிஸ்தான், 271 ஓட்டங்களை இலக்காக வைத்திருந்தது. சச்சின் டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் வெளியேறியபோது தேவைப்பட்டது 17 ஓட்டங்கள்தான். அதற்குள் எஞ்சிய விக்கெட்டுகளும் சரிந்து, 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. அரங்கம் முதலில் உறைந்துபோனது. பிறகு எழுந்து நின்று, வென்ற அணிக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள்.

கதை முடியும் முன்பே மற்றவர் இடைமறித்தார்: “மச்சான், அந்த மேட்சா? நானும் பாத்தேன். காக்காமாரோட உக்காந்து டிவியில பாத்தேன். எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனப்ப எங்க வாப்பாவுக்குக் கண் கலங்கிருச்சு.” நிக்காஹுக்கு முன்பே, ஒருவர் அரங்கத்திலும் மற்றவர் கீழக்கரை வீட்டுத் தாழ்வாரத்திலுமாக, ஒரே கணத்தில் ஒரே காட்சியைப் பார்த்து நெகிழ்ந்திருக்கிறோம். அதை அறிய எங்களுக்கு 25 ஆண்டுகள் ஆயின. அத்துடன், மகன்களோடு அமர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆட்டம் பார்த்துவந்தவருக்குக் கிரிக்கெட்டின் நுணுக்கம் மற்றவரைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பதும் அன்று வெளிப்பட்டது. கொடுத்த பணமும் கட்டிய வீடும் எழுத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட செய்திகள் எந்தக் கணக்கிலும் இல்லை. சேர்ந்து அமர்ந்தால் ஒழிய அவை வாய்க்கு வருவதில்லை.

அன்று இன்னொரு செய்தியும் வந்தது. பள்ளிநாள்களில் தாம் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருவதுண்டு என்றும், வயதுக்கு வந்தபின் அது நின்றுபோனது என்றும் அவர் சொன்னார். அதில் மனக்குறை எதுவும் ஒலிக்கவில்லை. ஆயினும் பவுண்டரிக் கோட்டருகே பந்தைத் துரத்தி ஓடிய பெண்களை அவர் பார்த்துக்கொண்டிருந்த விதம் மனத்தில் நின்றது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததும், முதலில் ஆயிஷா (ரலி) அவர்கள் முந்தியதும், பல காலம் கழித்து நடந்த மறுபந்தயத்தில் நபியவர்கள் முந்தி, பழைய கணக்கு தீர்ந்தது என்று சிரித்ததும் ஹதீஸ்களில் உள்ளன. மகளின் பெண் குழந்தைக்கு இப்போது 4 வயது. அவள் ஓடட்டும் என்று இருவரும் அன்று முடிவு செய்தோம்.

அஸருக்கு நேரம் இருக்கும்போதே எழுந்து வெளியே வந்தோம். ஆற்காட்டு நவாபு குடும்பத்தார் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல் அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. ஒருவர் அங்கே தொழுதார். மற்றவர் உறவினர் வீட்டில் தொழுதார்.

இனி, எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு வருவோம்.

பேரப்பிள்ளை எடுத்த வயதில் இருவருமாக ஊர் சுற்றுவது முறையா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். இளமையில் எங்களுக்குக் கிடைத்தவை 20 மாதங்கள். மிச்சம் எவ்வளவு என்பது அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. உரிய காலத்தில் கிடைக்காத ஓர் உரிமை, வயதானதால் இல்லாமல் போய்விடுவதில்லை. இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் நம்மீது உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதும், நபியவர்கள் அதை ஆமோதித்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன.

விளையாட்டுப் பார்ப்பது வீண்பொழுது அல்லவா என்பது அடுத்த கேள்வி. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது, நபியவர்கள் தம் மேலாடையால் மறைத்து நிற்க, ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னிருந்து பார்த்தார்கள். எப்போது போதும் என்பதை நபியவர்கள் அவர்களிடமே விட்டுவிட்டு, அவர்கள் சலிப்படையும்வரை நின்றார்கள். எத்தனை முறை படித்தாலும் எங்களை நிறுத்திவைக்கும் இடம் அது. உலகத்தின் மிகப் பெரும் பொறுப்பைச் சுமந்தவர்கள், மனைவியின் விருப்பம் தீரும்வரை அவசரப்படாமல் நின்றிருக்கிறார்கள்.

இருப்பினும் எல்லைகள் வேண்டும். எங்களுக்கென்று சிலவற்றை வகுத்துக்கொண்டோம். தொழுகை நேரத்தை முதலில் பார்த்துவிட்டே நுழைவுச் சீட்டு வாங்குவோம். நேரு விளையாட்டரங்கில் இரவுக் கால்பந்து என்றால், மஃக்ரிபைப் பெரியமேட்டிலோ வீட்டிலோ முடித்துவிட்டே போவோம். பெண்கள் தொழ இடம் எங்கே உண்டு என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வோம். பணம் கட்டி ஆட்டத்தை ஊகிக்கும் செயலிகளின் பக்கமே போவதில்லை. பெயர் எதுவானாலும் அது சூதாட்டம்தான். அறியாத உணவகமாக இருந்தால், இறைச்சி ஹலாலா என்று தயங்காமல் கேட்போம். தெளிவான பதில் இல்லையென்றால் தோசை இருக்கிறது. நபியவர்கள் எந்த உணவையும் குறைகூறியதில்லை, பிடித்தால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள் என்பதை நினைவில் கொண்டு, பரிமாறும் தம்பிகளிடம் குரல் உயர்த்துவதில்லை. மாதத்துக்கு 2000 ரூபாய் என வரம்பு வைத்திருக்கிறோம். வெளியே உண்ணும் ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கான உணவின் விலையைத் தர்மத்துக்கென்று எடுத்து வைத்துவிடுகிறோம்.

இன்னொரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களே கேட்டுக்கொண்டோம். அழைப்பு இருவருக்குமா என்று நபியவர்கள் கேட்ட கேள்வி எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிடலாமா? எங்களோடு வயது முதிர்ந்த உம்மா இருக்கிறார்கள். 22 ஆண்டுகள் மருமகளின் பேச்சுத் துணையாக இருந்தவர்கள் அவர்கள்தான். “மாமி, நீங்களும் வாங்க” என்று அழைத்தோம். “நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கம்மா. இவன் கணக்குல ஒனக்குத் தரவேண்டிய பாக்கி நெறைய இருக்கு” என்று சிரித்தார்கள். ஆயினும் மாதம் ஒரு சனிக்கிழமை மூவராகப் போகிறோம். மற்ற வாரங்களில் இடியாப்பமும் பாயாவும் பொட்டலமாக வீட்டுக்கு வருகின்றன. எங்களைவிட அவர்களுக்குத்தான் அடுத்த வாரம் எங்கே போகிறோம் என்பதில் அக்கறை அதிகம்.

இதைப் படிப்பவர்களில் பலர் இன்னும் பிரிவில் இருப்பீர்கள். ஒருவர் துபாயிலோ ரியாதிலோ, மற்றவர் காயல்பட்டினத்திலோ அதிராம்பட்டினத்திலோ. விடுப்பில் வரும் நாள்கள் எப்படிக் கரையும் என்பது எங்களுக்குத் தெரியும். கல்யாண வீடு, மௌத்து வீடு, பத்திரப் பதிவு, மருத்துவர், பெட்டி கட்டும் வேலை. அதற்குள் விமானம் வந்துவிடும். அந்த நாள்களிலிருந்து வாரம் ஒரு மாலையை மட்டும் எடுத்து உங்கள் இருவருக்கென வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பெரிய உணவகம் வேண்டியதில்லை. கடற்கரையில் ஒரு சுண்டல் பொட்டலம் போதும். சர்வதேசப் போட்டி வேண்டியதில்லை. ஊர்த்திடலில் நடக்கும் கால்பந்தாட்டம் போதும். பிள்ளைகளின் கட்டணத்தைப் பற்றி அந்த ஒரு மாலை மட்டும் பேசாதிருங்கள். தொடக்கத்தில் பேச்சு வராது. வராவிட்டாலும் எழுந்துவிடாதீர்கள்.

ஊரில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு சொல். நண்பர்களோடு பிரியாணிக்கோ ஆட்டத்துக்கோ புறப்படும்போது, இவருக்கும் சேர்த்தா என்ற கேள்வியை ஒருமுறை உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். எல்லா முறையும் அழைத்துச் செல்ல முடியாமல் போகலாம். ஆனால் மூன்றில் ஒரு முறையாவது அந்தப் பாரசீக அண்டைவீட்டாரைப் போல ஆம் என்று சொல்லலாம் அல்லவா?

எங்கள் துணைகளிலிருந்தும் சந்ததியிலிருந்தும் கண்குளிர்ச்சியை எங்களுக்கு அளிப்பாயாக என்று கேட்க இறைவன் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறான். வல்ல அல்லாஹ் பிரிந்திருப்போரை நலமுடன் ஒன்றுசேர்ப்பானாக. சேர்ந்திருப்போருக்கு ஒருவர்மீது ஒருவருக்கு அன்பையும் இரக்கத்தையும் பெருக்குவானாக. ஆமீன்.